எந்தக் கழுதையின் நார்மல்?

நலமாக இருக்கும் ஒரு கழுதையின் இரத்தத்தை எடுத்து, மனிதர்களுக்கான பரிசோதனைக்கூடம் ஒன்றில் கொடுத்தால் வரும் அறிக்கை பயமுறுத்தும். ஏ.எஸ்.டி. என்னும் நொதி லிட்டருக்கு 400 அலகு இருக்கும். மனிதரில் அது 40ஐத் தாண்டினாலே மருத்துவரின் கண் கல்லீரலுக்குப் போகும். ஆல்புமின் டெசிலிட்டருக்கு 2.7 கிராம். மனிதக் கணக்கில் இதற்கு ஊட்டக்குறை என்றோ, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது என்றோ பொருள். கால்சியம் 12.5 மில்லிகிராம் என்றால் வீட்டுக்குத் தொலைபேசி செய்து வரச் சொல்வார்கள். சோடியம் 132, குறைவு. ட்ரைகிளிசரைடு 200, எண்ணெயைக் குறை என்று அறிவுரை கிடைக்கும். பொட்டாசியம், கிரியாட்டினின் போன்ற சிலவே, எல்லை மீறியதைக் காட்டும் நட்சத்திரக் குறி வாங்காமல் தப்பும். தாளை நம்பினால் அந்தக் கழுதைக்கு நாலைந்து நோய். கழுதையோ வைக்கோலை மென்றுகொண்டு நிற்கும்.

இது வெறும் கற்பனை விளையாட்டு அல்ல. கால்நடைகளுக்கென்று தனிப் பரிசோதனைக்கூடம் அருகில் இல்லாத ஊர்களில், மாட்டின் இரத்தமும் நாயின் இரத்தமும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள மனிதப் பரிசோதனைக்கூடத்துக்குத்தான் போகின்றன. கருவி எண்ணைச் சரியாகவே தருகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகும் ‘நார்மல்’ என்ற பத்திதான் தவறான உயிருக்குரியது. அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் அந்தப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணை மட்டும் படிப்பார்.

மறைத்தபின் அவர் மனத்துக்குள் எந்த எல்லையோடு ஒப்பிடுகிறார்? பெரும்பாலும் குதிரையின் எல்லையோடு. இங்கேதான் சிக்கல். மனித எல்லை தவறு என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும், அதனால் அதை யாரும் நம்பப்போவதில்லை. குதிரையின் எல்லை பாதிக்கு மேல் பொருந்துகிறது. பொருந்தாத இடங்கள் எவை என்று தாள் சொல்லாது. சில எண்களில் அது இல்லாத நோயைக் காட்டும், சிலவற்றில் இருக்கும் நோயை மறைக்கும்.

குதிரையும் கழுதையும் ஒரே பேரினம்தான். ஆனால் இரண்டின் வழிகளும் பிரிந்து சில பத்து லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இரண்டும் சேர்ந்து ஈனும் கோவேறு கழுதைக்கு 63. குதிரை யூரேசியப் புல்வெளியின் பிள்ளை. கழுதை வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுக் கழுதையின் வழி வந்தது. அது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே ஒருமுறை வீட்டு விலங்காக்கப்பட்டது என்று 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான மரபணு ஆய்வு கூறியது. எகிப்தின் அபிடோஸில் அரச கல்லறை வளாகத்தில் புதைக்கப்பட்டுக் கிடைத்த கழுதைகள் ஏறக்குறைய 5,000 ஆண்டு பழையவை. அவற்றின் முதுகெலும்பில் சுமை ஏற்றிய தேய்மானம் தெரிகிறது. இவ்வளவு நீண்ட உழைப்பு வரலாறு இருந்தும், அதன் இரத்தத்தில் எது இயல்பு என்று முறையாக எண்ணிப் பார்த்தது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். குதிரைப் பந்தயத்தில் பணம் உண்டு, அதனால் குதிரையின் இரத்தத்தைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. கழுதையின் சொந்தக்காரர் ஆய்வுக்கு நிதி தரும் நிலையில் என்றுமே இருந்ததில்லை.

இயல்பளவு என்பது எப்படிக் கிடைக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். முன்பெல்லாம் பாடநூல்கள் ‘நார்மல்’ என்று ஒரு எண்ணைத் தந்தன. அது யாரிடம், எப்போது, எந்த நிலையில் எடுத்தது என்று கேட்க வழியில்லை. 1969இல் பின்லாந்தைச் சேர்ந்த ரால்ஃப் கிரேஸ்பெக், நீல்ஸ்-எரிக் சாரிஸ் என்ற இருவர் ‘நார்மல்’ என்பதைக் கைவிட்டு, ‘ஒப்பீட்டு அளவு’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதன்படி, முதலில் ஒப்பிடத் தகுந்த ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வின் விதிகளை வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும். அவர்களின் அளவுகளை வரிசைப்படுத்தி, கீழிருந்து 2.5 விழுக்காட்டையும் மேலிருந்து 2.5 விழுக்காட்டையும் ஒதுக்கிவிட்டால், நடுவில் நிற்கும் 95 விழுக்காடுதான் எல்லை. இதை நம்பகமாகச் செய்யக் குறைந்தது 120 உயிர்கள் வேண்டும் என்பது இன்று மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதைவிடக் குறைவாக, நாற்பதுவரை இருந்தாலும் சில புள்ளியியல் வழிகளால் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் கிடைப்பது எல்லை அல்ல, ஊகம்.

இந்தக் கணக்கிலேயே ஒரு கசப்பான விளைவு ஒளிந்திருக்கிறது. முழு ஆரோக்கியமான கழுதைகளிலும் நூற்றுக்கு ஐந்து எல்லைக்கு வெளியேதான் நிற்கும், ஏனென்றால் வரையறையே அப்படி. ஒரே இரத்தத்தில் 20 சோதனைகள் செய்து, அவை ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், எல்லாமே எல்லைக்குள் அடங்கும் வாய்ப்பு 36 விழுக்காடுதான். அதாவது ஆரோக்கியமான கழுதைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, குறைந்தது ஒரு நட்சத்திரக் குறியோடுதான் வீடு திரும்பும். ஒற்றை எண்ணைப் பார்த்து மருந்து எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் எத்தனையோ ஊசிகள் மிச்சமாகியிருக்கும்.

கழுதைக்கென்று இந்த வேலை ஆங்காங்கே நடந்தது. அமெரிக்காவில் ஜோசப் ஜிங்க்ல் குழு 1990இல் வயதும் பாலினமும் அளவுகளை எப்படி மாற்றுகின்றன என்பதோடு சேர்த்து ஒரு பட்டியல் வெளியிட்டது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில், சிட்மவுத் ஊரை மையமாகக் கொண்டு இயங்கும் ‘டாங்கி சாங்ச்சுவரி’ 1995இல் ஒரு பட்டியல் தந்தது. 1969இல் எலிசபெத் ஸ்வெண்ட்சன் தொடங்கிய அந்தக் கழுதைக் காப்பகம், இன்று கழுதை மருத்துவம் பற்றி எழுதும் யாரும் கடந்துபோக முடியாத இடம். 2005இல் இத்தாலியின் சிசிலித் தீவில் ரகுசானா இனக் கழுதைகளின் ஒரே மந்தையிலிருந்து இன்னொரு பட்டியல் வந்தது. பிறகு 2016இல் அதே டெவன் காப்பகத்தின் ஃபெயித் பர்டனும் அவரோடு பணியாற்றியவர்களும், இங்கிலாந்தில் வளரும் 138 முதிர்ந்த கழுதைகளிடமிருந்து புதிய எல்லைகளை வெளியிட்டார்கள். 120 என்ற வாசலைத் தாண்டிய எண்ணிக்கை என்பதாலும், நவீனக் கருவிகளால் அளந்தது என்பதாலும், இப்போது பலரும் கையில் வைத்திருப்பது இந்தப் பட்டியலைத்தான்.

அதிலிருந்து சிலவற்றை நம் ஊர் அலகுக்கு மாற்றித் தருகிறேன். ட்ரைகிளிசரைடு லிட்டருக்கு 0.6 முதல் 2.8 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 53 முதல் 248 மில்லிகிராம். கிரியாட்டினின் 0.6 முதல் 1.3 மில்லிகிராம். மொத்தப் புரதம் 5.8 முதல் 7.6 கிராம், அதில் ஆல்புமின் 2.2 முதல் 3.2 கிராம். ஏ.எஸ்.டி. 238 முதல் 536 அலகு, ஜி.ஜி.டி. 14 முதல் 69 அலகு, தசையின் சி.கே. நொதி 128 முதல் 525 அலகு. கால்சியம் லிட்டருக்கு 2.2 முதல் 3.4 மில்லிமோல், சோடியம் 128 முதல் 138. பிலிருபின் லிட்டருக்கு 0.1 முதல் 3.7 மைக்ரோமோல். இரத்த அணுக்களில், பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு, 27 முதல் 42 விழுக்காடு. சிவப்பணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 44 லட்சம் முதல் 71 லட்சம் வரை.

இந்தப் பட்டியலில் மற்ற எல்லாவற்றையும்விட என்னை நிறுத்துவது ட்ரைகிளிசரைடு. ஆரோக்கியமான குதிரையில் அது பெரும்பாலும் 0.5 மில்லிமோலுக்குக் கீழே நிற்கும். கழுதையின் எல்லை அதற்கு மேலேதான் தொடங்கவே செய்கிறது. குதிரையின் தாளை வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான கழுதை ஒவ்வொன்றும் கொழுப்பு நோயாளி. இதனால் மருத்துவர் பயப்படுவார், சொந்தக்காரர் பட்டினி போடுவார். அந்தப் பட்டினிதான் கழுதையைக் கொல்லும்.

ஏன் என்று விளக்க வேண்டும். கழுதையின் உடல் சிக்கனத்துக்காகவே உருவானது. வறண்ட நிலத்தில் கிடைத்ததைத் தின்று, மிஞ்சியதைக் கழுத்து மேட்டிலும் விலாவிலும் கொழுப்பாகச் சேர்த்து, கிடைக்காத நாளில் அதை எடுத்துச் செலவிடும். தீவனம் நின்றவுடன் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் கொட்டுகின்றன. மாடாக இருந்தால் அவற்றில் ஒரு பகுதி கீட்டோனாக மாறும். குதிரைக் குடும்பம் அந்த வழியை அதிகம் பயன்படுத்துவதில்லை. கல்லீரல் வந்த அமிலத்தை மறுபடி ட்ரைகிளிசரைடாகக் கட்டி, கொழுப்புப் புரதத் துகள்களில் ஏற்றி இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. இன்சுலின் போதிய அளவு வேலை செய்தால் கொழுப்புத் திசு இந்த வெள்ளத்தை நிறுத்திவிடும். பருத்த கழுதைகளில் இன்சுலின் சொல்லைத் திசு சரியாகக் கேட்பதில்லை. வெள்ளம் நிற்காமல் ஓட, கல்லீரலே கொழுப்பால் நிறைகிறது, பின் சிறுநீரகம். சோதனைக் குழாயில் பிளாஸ்மா பால்போல் வெளுத்துத் தெரியும்போது காலம் ஏற்கெனவே கடந்திருக்கும். டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டினால் ஹைப்பர்லிபீமியா என்று குதிரை மருத்துவத்தில் பெயரிடுகிறார்கள். கழுதையில் அது பெரும்பாலும் தானாக வருவதில்லை, வேறு ஏதோ ஒரு நோயின் முதுகில் ஏறித்தான் வருகிறது.

டெவன் காப்பகத்தின் ஓய்வுபெற்ற 3,829 கழுதைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான கட்டுரை இதை எண்களில் காட்டியது. அவற்றில் 449 கழுதைகளுக்கு இந்த நோய் வந்திருந்தது. 72 விழுக்காட்டில் உடன் வேறொரு நோயும் இருந்தது. நோய் வந்தவற்றில் ஏறக்குறைய பாதி செத்துப்போயின. மருத்துவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த, உலகிலேயே நன்றாகக் கவனிக்கப்பட்ட கழுதை மந்தைகளில் ஒன்றின் கதை இது. தெருவில் அலையும் கழுதையின் நிலையைக் கணக்கில் எடுத்த ஆய்வல்ல.

பல்வலி, குடல்வலி, இடமாற்றம், பயணம், கருவின் கடைசி மாதங்கள், கொழுத்த கழுதைக்கு அவசரமாகக் குறைத்த தீவனம், கூடவே வளர்ந்த துணையின் சாவு ஆகியவை கழுதையைத் தீவனத்திலிருந்து திருப்பிவிடும் காரணங்கள். கடைசியாகச் சொன்னது கேட்க மிகையாகத் தெரியலாம். ஆனால் கழுதைகள் இணையாகப் பிணைப்புக் கொள்பவை. ஒன்று செத்தபின் மற்றது தின்பதை நிறுத்துவதால், துணையின் உடலை உடனே அகற்றாமல் சிறிது நேரம் அருகிலேயே விட்டுவைப்பது காப்பகங்களின் நடைமுறை. துக்கத்தை அளக்கும் சோதனை இல்லை, அதன் விளைவாகிய ட்ரைகிளிசரைடை அளக்கலாம்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது கழுதையின் சுபாவம். வலித்தால் குதிரை தரையில் புரளும், வயிற்றை உதைக்கும், வியர்க்கும். கழுதை தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், அவ்வளவுதான். எதிரி முன் பலவீனத்தைக் காட்டாத விலங்கு என்று இதை விளக்குவார்கள். சொந்தக்காரர் ‘சோம்பலாக இருக்கிறது’ என்று சொல்லும் கழுதைக்குக் குடல் முறுக்கியிருக்கலாம். உடல்மொழி ஊமையாக இருக்கும் விலங்கில் இரத்தம்தான் வாய் திறக்க வேண்டும். அதனால்தான் இந்த எல்லைகள் சரியாக இருப்பது கழுதைக்கு, குதிரையைவிடவும் முக்கியம் என்கிறேன்.

பிலிருபின் எதிர்த்திசையில் ஏமாற்றும். குதிரையின் இரத்தத்தில் இயல்பாகவே பிலிருபின் அதிகம். ஒருநாள் தின்னாமல் இருந்தாலே அது மேலும் ஏறும். ஆகவே குதிரை மருத்துவர் லிட்டருக்கு 20 மைக்ரோமோலைக் கண்டு கலங்குவதில்லை. கழுதையில் மேல் எல்லையே நாலுக்குக் கீழ். குதிரையின் கண்ணோடு பார்த்தால் கழுதையின் மஞ்சள்காமாலை இயல்பாகத் தெரியும். ஜி.ஜி.டி. நொதியில் மறுபடி முதல் வகைத் தவறு. கழுதையின் மேல் எல்லை குதிரையினதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆகவே இல்லாத பித்தநாள நோய் எழுதப்படும். யூரியா கழுதையில் குறைவாக நிற்பதற்கு அதன் சிக்கனமே ஒரு காரணம். புரதம் குறைந்த தீவனத்தில் வாழும்போது யூரியாவைச் சிறுநீரில் கழிக்காமல் குடலுக்குத் திருப்பி, நுண்ணுயிர்களிடம் கொடுத்து, அந்த நைட்ரஜனை மீண்டும் பயன்படுத்தும் திறன் அதற்குண்டு. கால்சியம் உயர்ந்திருப்பது குதிரைக் குடும்பம் முழுவதற்கும் பொது. தின்ற கால்சியத்தைத் தேவை பார்க்காமல் உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும் உடல் அது. அதன் சிறுநீர் கலங்கலாக, சுண்ணாம்பு கரைத்ததுபோல் இருப்பது அதனால்தான்.

இனி தண்ணீர். 1950களில் சகாராவில், அல்ஜீரியாவின் பெனி அப்பெஸ் என்ற பாலைவனச் சோலையில் நட் ஷ்மிட்-நீல்சன் ஒட்டகங்களை ஆராயப் போனபோது கழுதைகளையும் கூடவே வைத்து அளந்தார். ஒட்டகத்தின் புகழில் கழுதை மறைந்துபோனது ஒரு அநியாயம். உடல் எடையில் கால் பங்குக்கும் மேலான நீரை இழந்தும் கழுதை உயிரோடு நின்றது. தண்ணீர் காட்டியதும் சில நிமிடங்களில் இழந்ததில் பெரும்பகுதியைக் குடித்து மீண்டது. பின்னர் அமெரிக்கப் பாலைவனத்துக் கழுதைகளில் செய்த ஆய்வுகள், நீர் குறையும்போது கழுதை தன் பிளாஸ்மாவின் அளவைப் பிடிவாதமாகக் காப்பாற்றுகிறது என்று காட்டின. இழப்பைக் குடலில் தேங்கிய நீரும் திசுக்களின் நீரும் ஏற்றுக்கொள்கின்றன.

பாலைவனத்தில் இது வரம், பரிசோதனை அறையில் பொறி. குதிரையில் நீரிழப்பை அறிய மருத்துவர் முதலில் பார்ப்பது பி.சி.வி., மொத்தப் புரதம் ஆகிய இரண்டைத்தான். நீர் குறைந்தால் இரத்தம் கெட்டிப்பட்டு இரண்டும் ஏறும். கழுதையில் உடல் எடையில் 12 முதல் 15 விழுக்காடு நீர் போகும்வரை பி.சி.வி. அசையாது என்பது கழுதை மருத்துவர்கள் கையாளும் கணக்கு. குதிரையானால் அந்த நிலையில் அது சாகும் தறுவாயில் இருக்கும். ஆகவே கழுதையின் பி.சி.வி. 38 என்று வந்தால் ‘நீரிழப்பு இல்லை’ என்று எழுதக் கூடாது. தோலைக் கிள்ளிப் பார்ப்பது, ஈறுகளின் ஈரம், சாணத்தின் தன்மை, கடைசியாக எப்போது குடித்தது என்ற கேள்வி ஆகிய பழைய வழிகள்தான் அங்கே கருவியைவிட நம்பகம். சிவப்பணு எண்ணிக்கையிலும் ஒரு வம்பு உண்டு. கழுதையின் சிவப்பணுக்கள் குதிரையினதைவிடப் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. குதிரைக்கு அமைத்த தானியங்கிக் கருவி அதை இரத்தசோகை என்று அச்சடிக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ‘கழுதை குதிரை அல்ல’ என்பதன் விரிவு. அது இன்று யாருக்கும் சர்ச்சையில்லாத செய்தி. அடுத்த கேள்வி சிக்கலானது. டெவன் கழுதை எல்லாக் கழுதைக்கும் பேசுமா?

அந்த 138 கழுதைகள் எப்படி வாழ்கின்றன என்று பாருங்கள். மழை ஓயாத பசும்புல் நாடு. சுமை இல்லை. பார்லி வைக்கோல் முக்கியத் தீவனம், ஏனென்றால் அங்கே கழுதையின் பெரும் சங்கடம் பட்டினி அல்ல, கொழுப்பு. பல் மருத்துவர் வருகிறார், குடற்புழு முட்டையை எண்ணி மருந்து தருகிறார்கள். உலகில் ஏறக்குறைய ஐந்து கோடிக் கழுதைகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை எத்தியோப்பியாவிலும் சாகேல் பகுதியிலும் பாகிஸ்தானிலும் மெக்சிகோவிலும் தண்ணீரும் விறகும் செங்கல்லும் தானியமும் சுமப்பவை. எண்ணிக்கையில் முதலிடத்தில் இருப்பது எத்தியோப்பியா. அங்கே உழைக்கும் கழுதைகளில் குடற்புழு இல்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது அரிது. புழு குடல் சுவரைத் துளைத்தால் புரதம் கசியும், ஆல்புமின் இறங்கும், குளோபுலின் ஏறும், பி.சி.வி. தாழும். நாள் முழுதும் நடந்த கழுதையின் சி.கே. மாலையில் ஒன்றாக இருக்கும், மறுநாள் ஓய்வுக்குப்பின் வேறாக இருக்கும். தசையிலிருந்து கசிந்த சி.கே. சில மணி நேரத்தில் கரைந்துவிடும், ஏ.எஸ்.டி. நாள்கணக்கில் தங்கும்.

இப்போது எத்தியோப்பியாவில் 120 கழுதைகளைப் பிடித்து எல்லை வகுத்தால் என்ன ஆகும்? பார்வைக்கு நலமாக இருப்பவற்றை மட்டும் சேர்த்தாலும் புழுவின் நிழல் எண்களில் விழுந்திருக்கும். அந்த எல்லையை ‘இயல்பு’ என்று ஏற்றால், புழு தின்னும் உடலை ஆரோக்கியம் என்று சான்றளித்ததாகும். புழு இல்லாத கழுதைகளை மட்டும் பொறுக்கினால், அந்த நாட்டில் எங்குமே இல்லாத ஒரு கழுதையின் எல்லை கிடைக்கும். இரண்டுக்கும் பயன் உண்டு. முதலாவது, இந்தக் கழுதை தன் கூட்டத்திலிருந்து விலகியிருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவது, இந்தக் கூட்டமே எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லும். ஒரே பத்தியில் இரண்டையும் அச்சடிக்க முடியாது. ஆகவே எந்தக் கேள்விக்கான எல்லை என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்தாள்வது வீண்.

மறுபுறம் டெவனின் எண்களிலும் டெவனின் செழிப்பு கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். பருத்த கழுதைகளில் ட்ரைகிளிசரைடு உயர்ந்திருக்கும் என்று 1990களிலிருந்தே ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் 2.8 என்ற மேல் எல்லை, விலா எலும்பு எண்ணக்கூடிய நம் ஊர்க் கழுதைக்குத் தாராளமானது. அதில் 2.6 வந்தால் ‘எல்லைக்குள்’ என்று விட்டுவிடாமல், தீவனம் எடுக்கிறதா என்று நேரில் பார்ப்பதுதான் பாதுகாப்பு. குட்டிகளுக்கு இந்தப் பட்டியல் பொருந்தவே பொருந்தாது. வளரும் எலும்பிலிருந்து வரும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்னும் நொதி முதிர்ந்த கழுதையின் எல்லையைப் பலமடங்கு தாண்டும். சினைக் கழுதைக்கும் பால் கொடுக்கும் கழுதைக்கும் கொழுப்பின் அளவு வேறு.

மாதிரி எடுக்கும் கையும் எண்ணை மாற்றும். கழுதையின் தோல் தடிமன், கழுத்துச் சிரைக்கு மேல் ஒரு தசைப் போர்வையும் கூடுதலாக உண்டு. ஊசியைக் குதிரைக்குப் பிடிப்பதைவிடச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். தடவித் தடவிக் குத்தினால் அணுக்கள் உடைந்து சீரம் சிவக்கும். சிவந்த சீரத்தில் பொட்டாசியமும் ஏ.எஸ்.டி.யும் பொய்யாக ஏறும். குழாயை வெயிலில் வைத்தால் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மாலையில் வந்து சேரும் குளுக்கோஸ் அளவு காலையில் இருந்ததல்ல. அதற்கு ஃபுளோரைடு குழாய் தேவை, அல்லது உடனே சீரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். நொதிகளின் அளவு கருவிக்குக் கருவி, வேதிப்பொருளுக்கு வேதிப்பொருள் மாறும். பாடநூலின் எல்லையைத் தன் கருவிக்குச் சரிபார்க்கச் சுருக்கவழி ஒன்று இருக்கிறது. ஆரோக்கியமான 20 கழுதைகளிடம் இரத்தம் எடுத்து அளந்து, இரண்டுக்கு மேல் எல்லைக்கு வெளியே போகாவிட்டால் அந்த எல்லையை ஏற்கலாம். மூன்று நான்கு போனால் இன்னொரு 20 எடுக்க வேண்டும். ஐந்து போனால் அந்தப் பட்டியல் நமக்கானதல்ல. இருபது கழுதை, ஒருநாள் வேலை. இதைக்கூடச் செய்யாமல் வெளிநாட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைப்பதில் பெருமை இல்லை.

இந்தியாவில் அதைச் செய்ய அதிக காலம் இல்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019இல் 1.2 லட்சம். ஏழு ஆண்டில் 61 விழுக்காடு வீழ்ச்சி. சலவைத் தொழிலில் கழுதைக்கு வேலை போய்விட்டது, செங்கல் சூளைக்கு டிராக்டர் வந்துவிட்டது. தோலுக்காகக் கழுதையைக் கொல்லும் சர்வதேச வணிகம் இதில் எந்த அளவு பங்கு வகிக்கிறது என்பது தனிக் கட்டுரைக்குரியது. அந்த வணிகத்துக்காகக் கழுதைகளை அறுப்பதை ஆப்பிரிக்க ஒன்றியம் 2024 பிப்ரவரியில் தடைசெய்தது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கலாம். குஜராத்தின் ஹாலாரி, கச்சி, இமயமலையின் ஸ்பிதி ஆகியவை பதிவு பெற்ற இந்தியக் கழுதை இனங்கள். வெண்ணிற ஹாலாரி சௌராஷ்டிர மேய்ச்சல்காரர்களோடு நெடுந்தூரம் நடப்பது. ஸ்பிதி ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் சுமப்பது. உயரம் சிவப்பணுக்களைக் கூட்டும் என்பது பாலபாடம். இந்த இரண்டுக்கும் ஒரே எல்லையைப் போடுவதும், இரண்டுக்கும் டெவன் எல்லையைப் போடுவதும் ஒரே அளவு தவறு. தமிழ்நாட்டில் இன்றும் தெருவில் கழுதையை ஓட்டிவந்து, வீட்டு வாசலில் கறந்து, பச்சிளங் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிறார்கள். பாலின் மருத்துவ குணம் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. அந்தக் கழுதை நோயில்லாததா என்று யாரும் இரத்தம் எடுத்துப் பார்த்ததாகக் கதைகூட இல்லை.

ஆகவே கால்நடைப் பரிசோதனைக்கூடங்களை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கழுதைக்கான அறிக்கைத் தாளில் எல்லையை அச்சடிக்கும்போது அதன் அடியில் ஒரு வரி சேருங்கள்: இந்த எல்லை எந்த இனத்தின், எந்த ஊரின், எத்தனை கழுதைகளிடமிருந்து, எந்தக் கருவியால் வகுக்கப்பட்டது என்று. அந்த வரியை எழுத முடியாவிட்டால் எல்லையைப் போடாமல் எண்ணை மட்டும் கொடுங்கள். குதிரையின் எல்லையைக் கழுதையின் பெயரில் அச்சடிப்பதைவிட வெற்றுப் பத்தி நேர்மையானது.